போட்டிக்கு அனுப்பும் படம்: நடுவரின் கண்ணில் எது நிற்கும்?

இடம்பெயர்ந்த மக்களைப் படம் பிடித்தவர்கள் பலர். பத்திரிகையாளர் பிடித்தனர், நிவாரண நிறுவனத்தார் பிடித்தனர், வெளிநாடுகளிலிருந்து வந்து போனவர்களும் பிடித்தனர். தறப்பாள் கொட்டிலின் வாசலில் நின்ற பிள்ளை, தண்ணீர்த் தாங்கியின் முன் குடத்தோடு காத்திருந்த பெண், ரக்ரர் பெட்டியில் ஏற்றிய கட்டிலும் கோழிக்கூடும் ஆகிய காட்சிகள் உலகின் பல மூலைகளுக்கும் சென்றன. ஆனால் அந்தப் படங்களில் நின்றவர்கள் தாமே பிடித்த படங்கள் எத்தனை? மிகச் சிலவே. கமரா எங்கள் கையில் இருக்கவில்லை. எங்களிடம் இருந்த கலியாணப் படங்களும் பிள்ளைகளின் முதல் நன்மைப் படங்களும் கூட 1990 இலும் 1995 இலும் 2009 இலும் வீட்டோடு விடப்பட்டன. அல்லது வழியில் நனைந்து அழிந்தன.

இன்று நிலைமை வேறு. வசதி குறைந்த வீட்டிலும் படம் பிடிக்கக்கூடிய ஒரு கைத்தொலைபேசி இருக்கின்றது. பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் திணைக்களங்களும் பிறநாட்டு அமைப்புகளும் புகைப்படப் போட்டிகளை நடத்துகின்றன. "விவசாயம்", "நீர்", "பெண்களின் உழைப்பு", "வீடு" என்பன அடிக்கடி தரப்படும் தலைப்புகள். இவை எல்லாம் எமது அன்றாட வாழ்வின் விடயங்கள். ஆயினும் எம்மவர் பலர், "எங்களுடைய படத்தை யார் தெரிவு செய்யப் போகிறார்கள்?" என்று ஒதுங்கி விடுகின்றனர். இன்னும் சிலர், பூவையும் சூரிய அஸ்தமனத்தையும் பிடித்து அனுப்பிவிட்டுப் பரிசு வரவில்லையே என்று கவலைப்படுகின்றனர்.

ஒரு போட்டியில் வலுவாக நிற்கும் படம் எப்படிப்பட்டது? அதற்கு விலை கூடிய கமரா வேண்டுமா? இக்கட்டுரை இக்கேள்விகளுக்கு விடை தேடுகின்றது.

நடுவர் மேசையில் நடப்பது

முதலில், நடுவர்கள் எவ்வாறு தெரிவு செய்கின்றனர் என்பதைத் தெரிந்துகொள்வோம். நெதர்லாந்தின் அம்ஸ்ரர்டாம் நகரில் 1955 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டிக்கு அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 படங்கள் வருகின்றன. மாவட்ட மட்டப் போட்டி ஒன்றுக்குக் கூட நூற்றுக்கணக்கில் வரலாம். எனவே முதற் சுற்றில் ஒரு படத்துக்குக் கிடைப்பது சில விநாடிகள் மட்டுமே. அந்தச் சில விநாடிகளில் "இது என்ன?" என்பது விளங்காத படம் ஒதுக்கப்படுகின்றது.

இரண்டாவது சுற்றில் கேள்வி மாறுகின்றது. "இதைப் போல வேறு எத்தனை படங்கள் இந்தக் குவியலில் இருக்கின்றன?" என்று நடுவர் பார்க்கிறார். நாற்பது அஸ்தமனங்கள் வந்திருந்தால் நாற்பதும் ஒன்றையொன்று அடித்துவிடும். மூன்றாவது சுற்றில்தான் நடுவர்கள் வாதாடுகின்றனர். ஒளி, அமைப்பு, கணம், உண்மை என்பன அங்கே பேசப்படுகின்றன. இறுதியில் எஞ்சும் படம், மேசையை விட்டு எழுந்த பின்னரும் நடுவரின் மனதை விட்டுப் போகாத படமாகவே இருக்கும்.

ஆகவே உங்கள் படம் மூன்று வாசல்களைக் கடக்க வேண்டும்: உடனே விளங்க வேண்டும், மற்றவற்றிலிருந்து வேறுபட வேண்டும், நினைவில் நிற்க வேண்டும்.

நிப்போமோ முகாமில் ஒரு தாய்

இதை விளக்க, உலகம் அறிந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அது எம்மைப் போன்ற ஒரு கமக்காரக் குடும்பத்தின் படம் என்பதால் எமக்கு நெருக்கமானது.

1930 களில் அமெரிக்காவின் நடுப்பகுதியில் மழை பொய்த்தது. மேல்மண் புழுதிப் புயலாக எழுந்து பறந்தது. அதே காலத்தில் விலைவீழ்ச்சியும் கடனும் கமக்காரரை நெரித்தன. இலட்சக்கணக்கானோர் காணியை விட்டுப் பழைய கார்களில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவை நோக்கிச் சென்றனர். அங்கே அவர்கள் பிறர் தோட்டங்களில் நாட்கூலிகளாயினர். இந்த நிலைமையை நாட்டுக்கு எடுத்துக்காட்டுவதற்காக அரசாங்கத்தின் மீள்குடியேற்ற நிருவாகம் படப்பிடிப்பாளரை வேலைக்கு அமர்த்தியது. அவர்களுள் ஒருவர் டொறோத்தியா லாங் என்ற பெண்மணி.

1936 ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஒரு மாத வேலையை முடித்துக்கொண்டு அவர் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். நிப்போமோ என்னும் இடத்தில் பட்டாணி பறிப்போர் முகாம் என்ற பலகை தெரு ஓரத்தில் தெரிந்தது. நிற்காமல் ஏறத்தாழ 20 மைல் தூரம் சென்ற பின், மனம் கேளாமல் காரைத் திருப்பினார். உறைபனியால் பட்டாணிப் பயிர் அழிந்திருந்தது. பறிக்க வந்தவர்களுக்கு வேலையும் இல்லை, உணவும் இல்லை. அங்கே ஒரு கிழிந்த கூடாரத்தின் கீழ் 32 வயதுத் தாய் ஒருவர் பிள்ளைகளோடு இருந்தார்.

லாங் அங்கே ஒரு படத்தோடு நிற்கவில்லை. சிறிது சிறிதாக நெருங்கிச் சென்று பல படங்கள் பிடித்தார். தூரத்திலிருந்து பிடித்த படத்தில் முழுக் கூடாரமும், ஒரு பெட்டியும், மூத்த மகளும், வெறும் தரையும் தெரிகின்றன. அதில் எல்லாமே இருக்கின்றன. ஆனால் கண் எங்கே தங்குவது என்று தெரியாமல் அலைகின்றது. கடைசியாக நெருங்கிப் பிடித்த படத்தில் தாயின் முகமும், கன்னத்தில் பட்டும் படாமலும் நிற்கும் கையும், இரு தோள்களிலும் முகம் புதைத்த இரு பிள்ளைகளும், மடியில் ஒரு கைக்குழந்தையும் மட்டுமே. கூடாரம் இல்லை, தோட்டம் இல்லை, பெட்டியும் இல்லை. ஆயினும் பசியும் பொறுப்பும் கவலையும் முழுமையாகத் தெரிகின்றன. இப்படமே "இடம்பெயர்ந்த தாய்" என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது.

இதிலிருந்து நாம் கற்கக் கூடியவை மூன்று. முதலாவது, நெருங்கிச் செல்லுதல். தொலைபேசியில் விரல்களை விரித்துக் காட்சியைப் பெரிதாக்குவது நெருங்குதல் அல்ல. அதனால் படம் பொரிந்து போகும். கால்களால் நடந்து நெருங்க வேண்டும். இரண்டாவது, தேவையற்றதை விலக்குதல். பிள்ளைகள் இருவரும் முகத்தைத் திருப்பியிருப்பதால் எமது கண் தாயின் முகத்தில் நிலைகொள்கிறது. மூன்று முகங்களும் கமராவைப் பார்த்திருந்தால் இப்படத்தின் வலு மூன்றாகப் பிரிந்திருக்கும். மூன்றாவது, ஒன்றோடு நிறுத்தாமை. நல்ல படம் பெரும்பாலும் ஐந்தாவதாகவோ பதினைந்தாவதாகவோ தான் வருகின்றது.

எமக்கு மட்டும் தெரிந்தது எது?

போட்டிக்கு வரும் படங்களில் அடிக்கடி காணப்படும் குறை ஒன்றுண்டு. படம் பிடித்தவருக்கு அது மிகப் பெரிய படம்; பார்ப்பவருக்கு அது ஒன்றுமே அல்ல.

நீண்ட காலத்தின் பின் தன் காணிக்குத் திரும்பிய ஒருவர் அங்கிருந்த கிணற்றைப் படம் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அந்தக் கிணற்றில் தகப்பனின் வியர்வை தெரிகின்றது. துலாவின் ஓசை கேட்கின்றது. ஆனால் கொழும்பிலிருந்து வந்த நடுவருக்குத் தெரிவது பாசி பிடித்த ஒரு கிணறு மாத்திரமே. பிடித்தவரின் நினைவு படத்துக்குள் வந்து சேரவில்லை.

அதை எப்படிக் கொண்டுவருவது? அதே கிணற்றின் கட்டில் கைகளை ஊன்றி, குனிந்து தண்ணீரைப் பார்க்கும் அவருடைய தாயைச் சேர்த்துப் பிடித்தால், அந்நியனுக்கும் "இவர் எதையோ தேடுகிறார்" என்பது விளங்கிவிடும். கூரையில்லாத வீட்டின் சுவரைத் தனியே பிடித்தால் அது இடிபாடு. அதே வாசற்படியில் பேரப்பிள்ளை புத்தகத்தோடு அமர்ந்திருந்தால் அது ஒரு குடும்பத்தின் கதை. இழந்த பொருளையும் இன்று உயிரோடு இருக்கும் மனிதரையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவருவதே இதன் வழி. ஆனால் தாயைக் கிணற்றடிக்கு இழுத்துச் சென்று, "இப்படிக் குனியுங்கோ அம்மா" என்று சொல்லிப் பிடிப்பதில் பயனில்லை. அவர் தாமாகவே கிணற்றடிக்குப் போகும் வேளைக்குக் காத்திருங்கள். அவர் போகத்தான் செய்வார்.

இன்னொரு பக்கமும் உண்டு. வெளியிலிருந்து வரும் படப்பிடிப்பாளருக்கு இல்லாத ஒரு செல்வம் கமக்காரரிடம் இருக்கின்றது. குளம் எப்போது வான் பாயும், துருசு திறக்கும் முதல் நாளில் வாய்க்காலில் தண்ணீர் எப்படி நுரைத்து வரும், தூற்றுவதற்கான காற்று எந்நேரத்தில் எழும், நாற்று நடும் பெண்கள் எந்த வரம்பில் அமர்ந்து கஞ்சி குடிப்பர் என்பவை உங்களுக்குத் தெரியும். அவருக்கு இவை தெரியா. காலை பத்து மணிக்கு வாகனத்தில் வந்து, பதினொரு மணிக்குத் திரும்பிப் போகின்றவர் பிடிக்க முடியாத படம் உங்களுடைய வரம்பில் ஒவ்வொரு நாளும் வந்து போகின்றது.

பிரேசில் நாட்டைச் சேர்ந்த செபஸ்தியாவோ சல்காடோ என்ற படப்பிடிப்பாளரை இங்கே குறிப்பிடலாம். 1944 இல் பிறந்து 2025 இல் காலமான இவர், ஒரு பண்ணையில் வளர்ந்தவர், பொருளியல் கற்றவர். கோப்பித் துறை சார்ந்த சர்வதேச அமைப்பில் வேலை செய்துகொண்டிருந்தபோதே படம் பிடிக்கத் தொடங்கினார். கைகளால் உழைப்போரைப் பற்றிய அவருடைய நூல் 1993 இலும், உலகெங்கும் இடம்பெயர்ந்தோரைப் பற்றிய நூல் 2000 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இவற்றுக்காக அவர் ஆண்டுக்கணக்காகப் பயணம் செய்து, மக்களோடு தங்கியிருந்து படம் பிடித்தார். நீங்கள் அங்கேயே வாழ்கிறீர்கள். அந்த ஆண்டுகள் உங்களுக்கு ஏற்கனவே கிடைத்துள்ளன.

ஒளியும் பின்னணியும் கணமும்

இனிச் சில நடைமுறை விடயங்களைப் பார்ப்போம்.

முதலில் கமராவின் கண்ணைத் துடையுங்கள். சட்டைப் பையிலும் இடுப்பிலும் கிடந்த தொலைபேசியின் கண்ணாடியில் வியர்வையும் எண்ணெயும் படிந்திருக்கும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தாலே படத்தின் பாதிப் புகைச்சல் நீங்கிவிடும்.

ஒளியைத் தேர்ந்தெடுங்கள். எமது நாட்டில் நண்பகற் சூரியன் உச்சியில் நிற்கும். அப்போது பிடித்தால் நெற்றி வெளிறி, கண்குழிகள் கறுத்துவிடும். சூரியன் எழுந்த பின் வரும் ஒரு மணித்தியாலமும், மறைவதற்கு முந்திய ஒரு மணித்தியாலமும் சரிந்த, மென்மையான ஒளியைத் தருகின்றன. சுளகிலிருந்து விழும் பதரும் உழவில் எழும் புழுதியும் அவ்வொளியில் பொன்னாகத் தெரியும். ஒளி, தூற்றுபவரின் பின்புறமாக வரும்படி நின்றால் புழுதி இன்னும் நன்றாகத் தெரியும். நண்பகலில் பிடிக்க நேர்ந்தால் ஆளை மர நிழலிலோ வீட்டு விறாந்தையின் விளிம்பிலோ பிடிக்கலாம். திரையில் முகத்தின் மீது விரலை வைத்துத் தொட்டால், கூர்மையும் வெளிச்சமும் அம்முகத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்படும்.

பின்னணியைப் பாருங்கள். அனுபவமில்லாதவர் ஆளை மட்டும் பார்ப்பர். நடுவர் முழுச் சட்டத்தையும் பார்ப்பார். தலைக்கு மேலே மின்கம்பம் முளைத்தது போல நிற்கின்றதா? கொடியில் காயும் சேலை கண்ணை இழுக்கின்றதா? ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தாலோ, முழந்தாளிட்டுத் தாழ்ந்தாலோ பெரும்பாலான குறைகள் மறைந்துவிடும். தாழ்ந்து பிடித்தால் நாற்று நடுபவரின் பின்னே வானம் வரும். நின்றபடி பிடித்தால் சேறு மட்டுமே வரும். பிள்ளைகளைப் பிடிக்கும்போது அவர்களின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். மேலிருந்து பிடித்த படத்தில் பிள்ளை எப்போதும் இரங்கத்தக்கதாகவே தோன்றும்.

கணத்துக்குக் காத்திருங்கள். மண்வெட்டி நிலத்தில் கிடக்கும் போதன்று, அது உயர்ந்து திரும்பும் போதே உழைப்புத் தெரிகின்றது. கதை சொல்லும் கிழவியின் வாய் பாதி திறந்திருக்க, கேட்கும் பிள்ளையின் கண் விரியும் கணம் ஒரு விநாடியே இருக்கும். ஒரே இடத்தில் நின்று, வேலையின் தாளத்தைக் கவனித்து, அது மீண்டும் வரும்போது அழுத்துங்கள். கமத்தொழிலில் ஒரே அசைவு நூறு தடவை திரும்பி வருகின்றது. இது உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு.

தீர விசாரிப்பதே மெய்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது முதுமொழி. போட்டி நடுவர்கள் இன்று இதையே பின்பற்றுகின்றனர்.

லாங் வேலை செய்த அதே அரசாங்கப் பிரிவில் ஆதர் றொத்ஸ்ரைன் என்ற இளைஞரும் இருந்தார். அவர் 1936 இல் தென் டகோட்டா மாநிலத்தில் வரட்சியால் வெடித்த நிலத்தில் ஒரு மாட்டின் மண்டையோட்டைக் கண்டார். ஒளியும் நிழலும் நன்றாக அமையும் வண்ணம் அதைச் சில அடி தூரம் நகர்த்திப் பல படங்கள் பிடித்தார். வரட்சி உண்மை, மண்டையோடும் உண்மை. ஆயினும் அது நகர்த்தப்பட்ட செய்தி வெளிவந்தபோது, அரசாங்கத்தை எதிர்த்த பத்திரிகைகள் "வரட்சியே பொய்" என்ற தோரணையில் எழுதின. சில அடி நகர்த்தியதனால் ஒரு முழு மக்களின் துன்பம் சந்தேகத்துக்குள்ளானது. எமது துன்பத்தைப் பற்றியும் "இது கட்டுக்கதை" என்று சொல்லக் காத்திருப்போர் உண்டு. அவர்களுக்கு நாமே சான்று கொடுக்கக் கூடாது.

அண்மைக் கால எடுத்துக்காட்டுகளும் உள்ளன. இலண்டனில் நடக்கும் வனவிலங்குப் புகைப்படப் போட்டியில், படலையைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படம் 2009 இல் முதற்பரிசு பெற்றது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கலாம் என்று நடுவர்கள் பின்னர் முடிவு செய்தனர். படம் பிடித்தவர் மறுத்தபோதிலும் 2010 ஜனவரியில் பரிசு பறிக்கப்பட்டது. அதே போட்டியில் 2017 இல் பரிசு பெற்ற எறும்புதின்னியின் படம், பஞ்சடைத்த உடல் என்று முடிவாகி 2018 இல் நீக்கப்பட்டது. 2015 இல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் ஒரு படத்தொகுதி பரிசை இழந்தது. காரணம், பெல்ஜியத்தின் ஒரு நகரைப் பற்றிய அத்தொகுதியில் இருந்த ஒரு படம் வேறொரு நகரில் பிடிக்கப்பட்டது என்பதே. 2023 இல் இன்னொரு சர்வதேசப் போட்டியில் பரிசு பெற்ற ஒருவர், தமது படம் செயற்கை நுண்ணறிவினால் ஆக்கப்பட்டது என்று தாமே அறிவித்துப் பரிசை மறுத்தார். அதன் பின் நடுவர்கள் இன்னும் விழிப்பாக இருக்கின்றனர். பல போட்டிகளில் இறுதிச் சுற்றுக்கு வந்தவரிடம் கமராவிலிருந்து வந்த மூலப்படத்தைக் கேட்கின்றனர்.

எனவே, வெளிச்சத்தைச் சிறிது கூட்டிக் குறைத்தல், ஓரத்தை வெட்டுதல் போன்றவற்றைப் பெரும்பாலான போட்டிகள் ஏற்றுக்கொள்கின்றன. இல்லாததைச் சேர்த்தலையும் இருந்ததை அழித்தலையும், செய்திப் படங்களுக்கும் வாழ்க்கைப் படங்களுக்குமான போட்டிகள் ஏற்பதில்லை. மூலப்படத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

படத்தில் நிற்பவரின் உரிமை

நிப்போமோவின் தாயிடம் திரும்புவோம். அவருடைய பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன். லாங் அவருடைய பெயரையோ வரலாற்றையோ கேட்கவில்லை. அக்குடும்பம் காரின் சில்லு ரயர்களை விற்று உணவு வாங்கியதாக லாங் குறித்திருந்தார். அது உண்மையல்ல என்று குடும்பத்தார் பிற்காலத்தில் கூறினர். படங்கள் பத்திரிகையில் வெளியானதும் அரசாங்கம் அம்முகாமுக்கு 20,000 இறாத்தல் உணவை அனுப்பியது. ஆனால் அதற்குள் தொம்சனின் குடும்பம் வேறிடம் போய்விட்டது. 1978 இல் அவர் யார் என்பது வெளிவந்தபோது, அந்தப் படத்தைப் பிடித்திருக்கக் கூடாது என்ற மனக்குறையை அவர் தெரிவித்தார். அதனால் தமக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்றும் சொன்னார்.

ஒரே படம் ஆயிரம் பேருக்கு உணவைக் கொண்டுவந்தது. அதில் இருந்தவருக்கு மனக்காயத்தையும் கொண்டுவந்தது. இரண்டும் உண்மையே. இதை எம்மவர் நன்கு அறிவர். முகாமில் பசியோடு நின்ற தன் பிள்ளையின் படத்தைப் பல வருடங்களின் பின் ஏதோ ஒரு பிரசுரத்தின் அட்டையில் கண்டால் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும்?

ஆகவே கமரா எமது கையில் வரும்போது, எமக்குச் செய்யப்பட்டதை நாம் பிறருக்குச் செய்யாதிருப்போம். முன்கூட்டிக் கேளுங்கள், இயல்பான கணத்தில் பிடித்துவிட்டால் பின்னர் காட்டிக் கேளுங்கள். "போட்டிக்கு அனுப்பலாமா? பெயர் போடலாமா?" என்று தனித்தனியே கேளுங்கள். மறுத்தால் அழித்துவிடுங்கள். பிள்ளைகளின் படத்துக்குத் தாய் தகப்பனின் சம்மதம் வேண்டும். அழுகின்றவர், நோயாளர், குளிப்பவர் ஆகியோரைப் பிடிக்காமல் விடுவதே நல்லது. படம் வெளிவந்தால் ஒருவருக்கு ஆபத்து வரும் என்றால், எவ்வளவு சிறந்த படமானாலும் அனுப்பக் கூடாது. பரிசு கிடைத்தால் படத்தின் பிரதியொன்றை அவருக்குக் கொடுங்கள். அது அந்த வீட்டில் எஞ்சியிருக்கும் ஒரே படமாகவும் இருக்கலாம்.

கண்ணீர் தான் பரிசு பெறும் என்ற எண்ணமும் தவறானது. நடுவர்கள் கண்ணீரை நிறையப் பார்த்திருக்கின்றனர். வெள்ளம் வடிந்த மறுநாள் வரம்பு கட்டும் கணவனும் மனைவியும், கடன் கொப்பியைப் பார்த்துத் தங்களுக்குள் சிரிக்கும் மாதர் சங்கப் பெண்கள், புதிதாக வேய்ந்த கிடுகுக் கூரையில் நின்று தண்ணீர் கேட்கும் இளைஞன் ஆகிய காட்சிகள் அவர்களுக்குப் புதியவை. எமது வாழ்வின் முழு உண்மைக்கும் அண்மையானவை.

படவிளக்கமும் அனுப்பும் முறையும்

பல நல்ல படங்கள் விளக்கத்தினால் தோற்கின்றன. "கண்ணீர்ப் பூக்கள்", "விடியலைத் தேடி" என்பன விளக்கங்கள் அல்ல. யார், என்ன செய்கிறார், எங்கே, எப்போது என்ற நான்குக்கும் விடை தாருங்கள். எடுத்துக்காட்டாக: "மன்னார் கட்டுக்கரைக்குளத்தின் கீழ் உள்ள வயலில், பெரும்போக அறுவடையின் பின் களத்தில் நெல் தூற்றும் பெண். மாலை 5 மணி. 12 வருடங்களின் பின் இக்காணியில் அவரது குடும்பம் பெற்ற முதல் விளைச்சல்." கடைசி வசனத்தைப் படத்தில் காண முடியாது; விளக்கம் அதைத் தருகின்றது. படத்தில் தெரிவதைத் திரும்பச் சொல்லாமல், தெரியாததைச் சொல்லுவதே விளக்கத்தின் பணி. சொல்வது சரியாக இருக்க வேண்டும். தொம்சனின் ரயர்களை நினைவில் வையுங்கள்.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை:

1. விதிகளை இரு தடவை வாசியுங்கள். தலைப்பு, இறுதித் திகதி, எத்தனை படங்கள், வயது எல்லை என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தலைப்புக்குப் பொருந்தாத படம் எவ்வளவு சிறந்ததானாலும் முதற் சுற்றிலேயே போய்விடும்.

2. முழு அளவுப் படத்தை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்தோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். 12 மெகாபிக்சல் தொலைபேசியின் முழுப் படம் 4000 க்கு 3000 புள்ளிகள் கொண்டது. ஒரு ஏ4 தாளில் தெளிவாக அச்சிட அது போதுமானது.

3. உரிமையைக் கவனியுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பொதுவாகப் படத்தின் பதிப்புரிமை அதைப் பிடித்தவருக்கே உரியது. அது அவருடைய ஆயுட்காலமும் அதன் பின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். "அனுப்பப்படும் படங்கள் யாவும் எமக்கே சொந்தம்" என்று ஒரு போட்டியின் விதி சொன்னால், அனுப்பத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள்.

4. பிடித்தவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்ய அவசரப்படாதீர்கள். ஒரு கிழமை விட்டுப் பாருங்கள். பிறகு அந்த இடத்தையோ ஆளையோ அறியாத ஒருவரிடம், எந்த விளக்கமும் சொல்லாமல் காட்டுங்கள். "இதில் என்ன நடக்கிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடை நீங்கள் நினைத்ததற்கு அருகில் வந்தால் அதையே அனுப்புங்கள். அவர் பேசாமல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், அது இன்னும் நல்ல அறிகுறி.

பரிசு ஒரு பக்கம். அது சிலருக்கே கிடைக்கும். ஆனால் ஒரு கிராமத்தில் பத்துப் பேர் ஒரு போகம் முழுவதும், உழவிலிருந்து சூடு வரை, ஒழுங்காகப் படம் பிடித்து, யார், எங்கே, எப்போது என்று எழுதிச் சேர்த்து வைப்பார்களாயின், அக்கிராமத்துக்கு ஒரு வரலாற்றுப் பேழை கிடைத்துவிடும். அமெரிக்காவின் அந்த இடம்பெயர்ந்த கமக்காரரைப் பற்றி இன்று உலகம் அறிந்திருப்பதற்குக் காரணம், அரசாங்கப் படப்பிடிப்பாளர் சேர்த்து வைத்த ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களே. அவை வோஷிங்ரன் நகரின் தேசிய நூலகத்தில் பேணப்படுகின்றன. எமது மக்களுக்காக அப்படி யாரும் சேர்த்து வைக்கவில்லை. தொலைந்த படங்களை மீட்க முடியாது. இனி வரும் படங்களையாவது பிரதி எடுத்து, பாடசாலையிலும் சனசமூக நிலையத்திலும் ஒவ்வொரு தொகுதி வைப்போம். அடுத்த போட்டியின் அறிவித்தல் வரும்போது, அனுப்புவதற்கு ஒரு படம் அந்தத் தொகுதியில் நிச்சயமாக இருக்கும்.